ஆப்பில் வெளிநாட்டு மொழி படிப்பது: சேலத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

அழகாபுரத்தில் வீட்டு முன் அறையில் சாயங்காலம் ஜெர்மன் மொழியும் ஜப்பானிய மொழியும் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நர்ஸிங் முடித்தவர்கள், மீதி இன்ஜினியரிங் பிள்ளைகள், நடுநடுவே மகனோ மகளோ வெளிநாட்டில் இருக்கிற அப்பா அம்மாக்கள். யார் வந்தாலும் போனில் ஏற்கனவே ஒரு ஆப் இருக்கிறது, கூடவே சந்தேகமும் இருக்கிறது, அதுவும் எல்லோருக்கும் ஒரே சந்தேகம். வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அக்கா, ஆப்ல மட்டும் படிச்சா ஒரு மொழி பேச வந்துருமா?

வராது. படிக்க வரும், காதில் விழுவது ஓரளவு புரியும், கடைப் பலகை, மெனு கார்டு, ரயில் நிலைய அறிவிப்பு எல்லாம் பிடிபடும். பேசுவது வேறு வேலை. ஆப் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் நாலு சொல்லில் சரியானதைத் தொடு, கலைந்து கிடக்கிற சொற்களை வரிசைப்படுத்து என்பதுதான். விடை கண்ணெதிரே இருக்கிறது, அடையாளம் தெரிந்தால் போதும். பேசும்போது அப்படி யாரும் எழுதி நீட்ட மாட்டார்கள், நாமே உள்ளிருந்து தேடி எடுக்க வேண்டும்.

அதற்காக ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை. வகுப்புக்குக் காசு வாங்குகிறவள்தான் நான், இருந்தாலும் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் ஆறு வாரம் ஆப்பில் படித்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். எண், கிழமை, உறவு, சாப்பாடு, நிறம், நேரம் கேட்பது, இதற்கெல்லாம் வாத்தியார் எதற்கு? ஆறு வாரம் தாங்காதவர்கள் வகுப்பிலும் தாங்க மாட்டார்கள், அவர்கள் பணமாவது மிஞ்சும்.

எந்த ஆப் நல்லது? குழப்பாம ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

தொடங்குவதற்கு டூலிங்கோ. 2011-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் லூயிஸ் வான் ஆன், செவரின் ஹேக்கர் என்ற இருவர் ஆரம்பித்தது. (சில வலைத்தளங்களில் நெளிந்த எழுத்தைக் காட்டி, படித்து அடிக்கச் சொல்லுமே, அந்த கேப்ச்சாவை உருவாக்கியவர்களில் ஒருவர்தான் இந்த வான் ஆன்.) பச்சை ஆந்தை வந்து "இன்னைக்குப் படிக்கலையா" என்று நச்சரிக்கும். முதல் மாதத்துக்கு அந்த நச்சரிப்பு நல்லதுதான்.

ஒன்றோடு நிற்காதீர்கள், ஒரு மாதம் கழித்து அங்கி (Anki) என்ற ஆப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகே இருக்காது, பொம்மை கிடையாது, கைதட்டல் கிடையாது. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில், சீட்டு சீட்டாக வரும், அவ்வளவுதான். ஆனால் எந்தச் சீட்டை எப்போது மறுபடி காட்ட வேண்டும் என்று அதுவே கணக்குப் பார்த்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் அங்கிட்ராய்டு என்ற பெயரில் இலவசம், கம்ப்யூட்டரிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. ஜெர்மன் படிக்கிறவர்கள் டாய்ச்செ வெல்லெ என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் நடத்துகிற 'நிகோஸ் வெக்' என்ற வீடியோ பாடத்தையும் பாருங்கள், தொடக்கப் படியான ஏ1 முதல் நடுப் படியான பி1 வரை முழுக்க இலவசம். வேறு எதுவும் வேண்டாம். ஏழு ஆப் இறக்கி ஏழிலும் முதல் பாடம் மட்டும் முடித்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

எனக்கு இங்கிலீஷே சுமார்தான். இங்கிலீஷ் வழியா எப்படி இன்னொரு மொழி படிக்கிறது?

படிக்கலாம், ஆங்கிலத்தைப் பாலமாக மட்டும் வைத்துக்கொண்டால். ஆப் ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் காட்டும், அதை முதலில் வாய்க்குள் தமிழில் சொல்லிக்கொண்டு, அப்புறம் விடையைத் தொடுங்கள். அங்கியில் சீட்டு செய்யும்போது ஆங்கிலமே வேண்டாம், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் அந்த மொழி. சீட்டை நாமே எழுதிக்கொள்கிற வசதிக்காகத்தான் அதை அவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இன்னொன்று, தமிழ் வழியில் படித்தவர்களுக்குச் சில இடங்களில் ஆங்கில வழிப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் புரிகிறது. எந்த இடங்களில் என்று ஜப்பானிய மொழிக் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஹார்ட் தீர்ந்து போயிடுது டீச்சர். காசு கட்டிரட்டுமா?

தொடக்கத்தில் வேண்டாம். ஹார்ட்டோ எனர்ஜியோ, பெயர் எதுவானாலும் இலவசமாகப் படிக்கிறவர்களை ஓர் அளவோடு நிறுத்துகிற வழி அது. தீர்ந்துவிட்டதா, போனை வைத்துவிட்டு அன்றைக்குப் படித்ததை நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் விடாமல் படித்த பிறகும் விளம்பரம் தொந்தரவாக இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

இலவச சோதனைக் காலம் என்று அழுத்தும்போது யுபிஐ ஆட்டோபே கேட்கும். சோதனைக் காலம் முடிந்ததும் வருஷக் கட்டணம் தானாகப் போய்விடும். "நான்தான் ஆப்பையே அழிச்சுட்டேனே" என்று ஒரு அம்மா வந்து நின்றார். ஆப்பை அழித்தால் சந்தா ரத்தாகாது. பிளே ஸ்டோரில் மேலே உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ளே போய் நீங்களே ரத்து செய்ய வேண்டும். சோதனையைத் தொடங்கின கையோடு, கடைசி நாளுக்கு முந்தின நாளில் போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

ஏற்காட்டுல எங்க எஸ்டேட் பக்கம் டவரே எடுக்காதுங்க. என்ன பண்றது?

அங்கிக்கு நெட் தேவையில்லை, சீட்டெல்லாம் போனிலேயே இருக்கும். கேட்பதற்கான பாடங்களைக் கீழே டவுனுக்கு வரும்போது இறக்கி வைத்துக்கொள்ளலாம். டூலிங்கோதான் நெட் இல்லாவிட்டால் இலவசமாகப் படிக்கிறவர்களுக்குச் சரிப்படாது, அதை டவர் கிடைக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தினம் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அடிவாரம் வரைக்கும் போனைப் பார்த்துப் படியுங்கள், மலை ஏற ஆரம்பித்ததும் உள்ளே வைத்துவிட்டு காதில் மட்டும் கேளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டு போனால் மேலே போய்ச் சேரும்போது மொழியும் நிற்காது, சாப்பிட்டதும் நிற்காது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் படிக்கணும்?

காலையில் இருபது நிமிடம், ராத்திரி பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட இது நல்லது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து 1885-ல் புத்தகமாகவே போட்டார். படித்த கொஞ்ச நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் மறதி மெதுவாகிறது. அங்கி போன்ற ஆப்கள் எல்லாம் நிற்பது இந்த அடிப்படையில்தான்.

இது ஆசைக்குப் படிக்கிறவர்களுக்கான கணக்கு. தேர்வு, விசா என்று தேதி வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு அரை மணி நேரம் காணாது, கடைசியில் ஏஜென்ட் பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

400 நாள் ஸ்ட்ரீக் வச்சிருக்கேன். ஆனா வாயைத் திறந்தா ஒரு வாக்கியம் வரமாட்டேங்குது. ஏன்?

ஸ்ட்ரீக் என்பது ஒரு நாள்கூட விடாமல் நீங்கள் ஆப்பைத் திறந்த நாள்களின் கணக்கு, படித்த கணக்கு இல்லை. ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஞாபகம் வந்து, ஏற்கனவே தெரிந்த பழைய பாடம் ஒன்றைத் தட்டி முடித்துவிட்டுத் தூங்கினாலும் அது ஒரு நாள்தான். ஆப்பில் புள்ளிக்காகப் போட்டி போடுகிற லீக்கில் முதலிடம் வருகிறவர்கள் சிலர் என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், சுலபமான பாடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் புள்ளி சேர்க்கிறார்கள். அது விளையாட்டு, தப்பில்லை, மொழி என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

முதல் கேள்வியில் சொன்னதேதான் காரணம். இதை மாற்ற இரண்டு காரியம் செய்யுங்கள். கீழே கொடுத்திருக்கிற சொற்களைக் கையால் மறைத்துக்கொண்டு, விடையை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அப்புறம் கையை எடுங்கள். 'இப்போது பேச முடியாது' என்று ஒரு பட்டன் இருக்குமே, அதை அழுத்துவதை நிறுத்துங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிற ஒரு தம்பி ஜப்பானிய மொழி படிக்கிறான். கை வளையம் கோத்துக்கொண்டிருக்கும், காதில் ஹெட்செட், கேட்டதை அப்படியே சத்தமாகத் திருப்பிச் சொல்வான். முதலில் எல்லோரும் சிரித்தார்களாம். இப்போது பட்டறையில் பாதிப் பேருக்குப் பத்து வரை ஜப்பானிய எண் தெரியும், முதலாளி கொலுசை எண்ணும்போதே இச்சி, நி, சன் என்கிறாராம்.

ஜப்பானிய மொழி ரொம்பக் கஷ்டமாமே? ஜெர்மன்தான் ஈஸின்னு நெட்ல போட்டிருக்காங்க.

அந்தக் கணக்கு யாருக்குப் போட்டது என்று பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் ஜப்பானிய மொழி, கொரிய மொழி இரண்டுக்கும் சுமார் 2200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்கிறது, ஜெர்மனுக்கு அதில் பாதிகூட இல்லை. ஆனால் அது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கான கணக்கு. நமக்கு அப்படியே பொருந்தாது.

ஒரு வாக்கியம் பார்க்கலாம். "சேலத்திலிருந்து சென்னை வரை பஸ்ஸில் போகிறேன்." ஜப்பானிய மொழியில்: "சேலம் காரா சென்னை மதே பஸு தெ இகிமாஸ்." காரா என்பது 'இலிருந்து', மதே என்பது 'வரை', தெ என்பது 'இல்', இகிமாஸ் 'போகிறேன்'. ஒரு சொல்கூட இடம் மாறவில்லை, 'நான்' என்று தனியாகச் சொல்லவும் தேவையில்லை. இதையே ஆப் ஆங்கிலம் வழியாகக் கேட்கும்போது, பிள்ளைகள் தமிழை ஆங்கிலமாகத் தலைகீழாக்கி, அதை ஜப்பானிய மொழிக்காக மறுபடி தலைகீழாக்கிக் களைத்துப் போகிறார்கள். நேராகத் தமிழிலிருந்து போனால் பாதி வேலை மிச்சம். 'சாப்பிட்டுப் பார்க்கிறேன்' என்கிறோமே, அங்கேயும் 'தபெதே மிமாஸ்', சாப்பிட்டு என்கிற எச்சம், பிறகு 'பார்' என்கிற அதே வினை. கொரிய மொழியிலும் இதேதான். குறில் நெடிலும் நமக்குப் பழக்கம்: ஒஜிசன் என்றால் மாமா வயதுக்காரர், ஒஜீசன் என்றால் தாத்தா. ஆங்கிலக்காரர்கள் இங்கே தடுமாறுவார்கள், நாம் தடுமாற மாட்டோம்.

கஷ்டம் எழுத்தில்தான். ஒலியைக் குறிக்கிற எழுத்து வரிசை இரண்டு, ஹிராகனா 46, கதகானா 46, இரண்டும் ஒரு மாதத்தில் வந்துவிடும். சீனத்திலிருந்து வந்த காஞ்சி (kanji) எழுத்துகள் அப்படியில்லை, அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வகுத்த பட்டியலிலேயே 2136 இருக்கிறது. அதை ஆப்பில் பார்த்தால் மட்டும் போதாது, கட்டம் போட்ட நோட்டில் கையால் எழுத வேண்டும். கொரிய மொழிக்கு அந்தத் தொல்லை கிடையாது. 1443-ல் மன்னர் செஜோங் காலத்தில் திட்டமிட்டு உருவாக்கிய எழுத்து, அடிப்படை எழுத்து 24-தான், ஒரு வாரத்தில் கூட்டிப் படித்துவிடலாம்.

ஜெர்மன்ல டெம், டென்னு மாறி மாறி வருது. ஆப் தப்புன்னு மட்டும் சொல்லுது, ஏன்னு சொல்லவே மாட்டேங்குது.

ஆப்பின் பெரிய குறை இது. பத்து முறை தப்பு செய்தால் தானாகப் புரியும் என்று விட்டுவிடுகிறது. ஆனால் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று வேற்றுமை உருபை நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஒப்பித்திருக்கிறீர்கள். "இஷ் கேபெ டெம் கிண்ட் டென் பால்" என்றால் "நான் குழந்தைக்குப் பந்தைக் கொடுக்கிறேன்." டெம் இருக்கும் இடத்தில் 'கு', டென் இருக்கும் இடத்தில் 'ஐ'. நாம் சொல்லின் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். நாம் 'பந்து வாங்கினேன்' என்று ஐ உருபை விட்டுவிட்டுப் பேசுவோம், அவர்களால் அப்படி விட முடியாது, நம் பிள்ளைகள் அதிகம் வழுக்குவது அங்கேதான்.

டெர் (ஆண்பால்), டி (பெண்பால்), டாஸ் (இரண்டும் இல்லாதது) என்கிற பால் பிரிவுக்கு இப்படிக் குறுக்கு வழி கிடையாது. மேசை ஏன் ஆண்பால் என்று கேட்டால் பதில் இல்லை. சீட்டில் சொல்லைத் தனியாக எழுதாமல் அதற்குரிய டெர், டி, டாஸோடு சேர்த்தே எழுதுங்கள், மூன்று பாலுக்கும் மூன்று நிற மை.

எழுத்தெல்லாம் எதுக்குங்க? தமிழ்லயே எழுதி வச்சுக்கிட்டா போதாதா?

முதல் வாரம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் விட்டுவிடுங்கள். backen என்றாலும் packen என்றாலும் தமிழில் எழுதினால் ஒரே 'பாக்கன்'. ஜெர்மனில் ஒன்று கேக் சுடுவது, இன்னொன்று மூட்டை கட்டுவது. ஊருக்குக் கிளம்புகிறேன் என்று சொல்ல நினைத்து அடுப்பு மூட்டிவிடுவீர்கள். இந்தக் கட்டுரையில் நான் தமிழில் எழுதியிருப்பதும் ஒரு அடையாளத்துக்குத்தான், உச்சரிப்பை ஆப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மைக்ல நான் என்ன சொன்னாலும் சரின்னு பச்சை காட்டுது. அப்போ என் உச்சரிப்பு சரிதானே?

இல்லை. என்ன வாக்கியம் வரப்போகிறது என்று ஆப்புக்கு முன்பே தெரியும், கிட்டத்தட்ட ஒத்துவந்தால் விட்டுவிடும். சரியாகச் சோதிக்க வேண்டுமானால் கூகுள் மொழிபெயர்ப்பில் ஜெர்மனைத் தேர்ந்தெடுத்து, மைக்கை அழுத்தி, ஒரே ஒரு சொல்லைச் சொல்லுங்கள். 'ஏற்கனவே' என்ற பொருளில் ஷோன் என்றொரு சொல், 'அழகான' என்ற பொருளில் உதட்டைக் குவித்துச் சொல்கிற இன்னொன்று. நாக்கு 'ஏ'வுக்கு இருக்கிற இடத்தில் இருக்கட்டும், உதடு 'ஓ'வுக்குக் குவியட்டும். திரையில் நீங்கள் நினைத்த சொல் வந்தால் சரி. பேச ஆள் இல்லாதவர்கள் செயற்கை நுண்ணறிவு ஆப்களோடு குரலில் பேசிப் பழகலாம். கூச்சம் போவதற்கு அது போதும், ஆனால் அவை ரொம்பப் பொறுமைசாலிகள், தேர்வறையில் எதிரே இருப்பவர் அப்படி இருப்பார் என்று எண்ணாதீர்கள்.

ஆப்ல பி1 முடிச்சுட்டேன். சர்டிபிகேட் காட்டினா விசாவுக்கு ஒத்துக்குவாங்களா?

ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஏ1 முதல் சி2 வரையுள்ள ஆறு படிகள் ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட அளவுகோல். ஆப் தன் பாடத்தை அந்தப் படிக்கு ஏற்ப அமைத்திருக்கலாம், நீங்கள் அந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. ஜெர்மனுக்கு கோத்தே, டெல்க், ஓஎஸ்டி போன்ற தேர்வு வேண்டும். கோத்தே பி1, பி2-வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். ஆப்பை மட்டும் நம்பினவர்கள் எழுதுதலிலும் பேசுதலிலும்தான் மாட்டுகிறார்கள். கணவரோடு சேர ஜெர்மனி போகிற பெண்களுக்குப் பொதுவாக ஏ1, நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2.

ஜப்பானிய மொழிக்கு ஜேஎல்பிடி என்ற தேர்வு, தொடக்கப் படியான என்5-லிருந்து உச்சப் படியான என்1 வரை, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், நமக்குத் தேர்வு மையம் சென்னை. அதில் பேசச் சொல்வதும் இல்லை, எழுதச் சொல்வதும் இல்லை, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான், அதனால் ஆப்பும் அங்கியும் அங்கே நன்றாகவே கைகொடுக்கும். என்4 தேறிவிட்டு நேர்காணலில் பெயரைச் சொல்லக்கூடத் திணறுகிறவர்கள் இருப்பதற்கும் காரணம் அதுதான். டூலிங்கோ இங்கிலீஷ் டெஸ்ட் என்பது வேறு, பல பல்கலைக்கழகங்கள் ஏற்கிற ஆங்கிலத் தேர்வு, அதை வைத்து ஜெர்மன் தெரியும் என்று காட்ட முடியாது.

மூணே மாசத்துல ஆப்லயே பி2 கொண்டு வந்துரலாம், வேலையும் உறுதின்னு ஏஜென்ட் சொல்றாரும்மா. பொண்ணைச் சேர்த்து விடலாங்களா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பி2-க்கு 45 நிமிடப் பாடவேளை 600 முதல் 800 வரை ஆகும் என்று கோத்தே நிறுவனமே சொல்கிறது. குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும் 450 மணி நேரம். தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டுமென்றால் ஞாயிறு பண்டிகை பார்க்காமல் தினம் ஐந்து மணி நேரம் வகுப்பு, வீட்டில் படிப்பது தனி. வார்டில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே இது நடக்குமா என்று உங்கள் பெண்ணையே கேளுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு வருஷம் என்றுதான் சொல்கிறேன், அதுவும் வேலையைக் குறைத்துக்கொள்ள முடிந்தால்.

பணம் கொடுக்குமுன் அந்த நிறுவனம் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவான ஏஜென்ட்தானா என்று பாருங்கள், பெயர் போட்டுத் தேடினாலே தெரியும். பதிவு பெற்றவர் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. லட்சக்கணக்கில் கேட்டு, ரசீதும் தராமல், நகையை வைத்தாவது கட்டுங்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு 62 வயசாச்சு. பேரனைப் பார்க்க மூணு மாசம் போறேன். இந்த வயசுல ஏறுமாம்மா?

ஏறும். உங்களுக்குத் தேர்வு கிடையாது, அதுவே பாதி பலம். வரிசையாகப் பாடம் முடிக்க வேண்டியதில்லை. வணக்கம், நன்றி, மன்னிக்கவும், இது எவ்வளவு, எனக்குப் புரியவில்லை, பஸ் எங்கே நிற்கும், எனக்குச் சர்க்கரை இருக்கிறது, இந்த மாதிரி முப்பது வாக்கியத்தை மகனிடமே குரலில் பதிவு செய்து அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருங்கள். மீதிக்கு கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துச் சொல்கிற வசதி போனிலேயே இருக்கிறது, போகுமுன் அந்த மொழியை ஆஃப்லைனுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

ரெண்டு மொழி ஒரே நேரத்துல படிக்கலாமா அக்கா?

ஒன்றில் ஏ2 தாண்டிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம். ஜெர்மனும் டச்சும் மாதிரி பக்கத்துப் பக்கத்து மொழிகளைச் சேர்த்தால் சொற்கள் கலந்துவிடும். ஜெர்மனும் ஜப்பானிய மொழியும் அவ்வளவு கலக்காது, நேரம்தான் இரண்டாகப் பிரியும். டிசம்பர் ஜேஎல்பிடிக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள் என்றால் டிசம்பர் வரைக்கும் அது மட்டும்.